வெள்ளையடித்த தீ

அன்புச் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், கையில் கட்டோடு உட்கார்ந்திருக்கும் உன் அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்குகிற நேரத்தில் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் பதறியிருப்பாய். எப்போதும் அப்பா எழுதுவார், நான் ஓரத்தில் இரண்டு வரி சேர்ப்பேன். இந்தத் தடவை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவது என்றுதான் ஏற்பாடு, ஆனால் அவர் ஒரு வாக்கியத்தை யோசித்து முடிப்பதற்குள் எனக்கு நாலு வாக்கியம் வந்து நிற்கிறது, அதனால் கொஞ்சம் காலாற நடந்துவிட்டு வாருங்கள் என்று வெளியே அனுப்பிவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு நடுவில் அப்படிப் புகுந்து தப்பிக்க முடியாது பார்.

நீ அன்றைக்கு அப்பாவிடம் கேட்டாயே, என் புதுச் சாப்பாட்டுக் கடைக்கு இன்சூரன்ஸ்காரர் அஞ்சாறு விதமா அடுக்கிட்டுப் போறாருப்பா, எல்லாம் காசு புடுங்குற வேலை மாதிரி இருக்கு, தீக்கு மட்டும் போட்டா போதாதா என்று, உடனே அவர் போனை என்னிடம் நீட்டிவிட்டாரே, அதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே நம் சாப்பாட்டுக் கடையில் கொஞ்சம் புகை வந்தது, அப்பாவுக்குக் கையில் லேசாகச் சுட்டுவிட்டது என்று உன்னிடம் சொல்லியிருந்தோம். நீ அங்கே சுவருக்கு என்ன நிறம், நாற்காலிக்கு என்ன உயரம் என்று ஓடிக்கொண்டிருக்கிறாய், அந்த நேரத்தில் உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சொன்னதுதான் அது. வந்தது புகை இல்லை, தீ. நம் சமையலறை போய்விட்டது. சுட்டது லேசாக இல்லை, அதுவும் வலது கை. முதலில் மூச்சு விட்டுக்கொள், இப்போது எல்லாம் சரியாகி வருகிறது, அதனால்தான் இவ்வளவு தெம்பாக எழுதிக்கொண்டிருக்கிறேன். உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வராதே. நீ வர வேண்டாம், இதைக் கடைசி வரி வரைக்கும் படித்தால் போதும். நீ கடை திறக்கிறதுக்கு முன்னால் படிக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

நடந்தது இதுதான். அடுப்புக்கு மேலே தொப்பி மாதிரி இருக்குமே புகைக்கூண்டு, அதை மாதம் தவறாமல் அப்பாதான் ஏறிச் சுத்தம் செய்வார், உனக்குத் தெரியும். கை எட்டுகிற வரைக்கும் பளபளவென்று தேய்ப்பார். சுவருக்குள் திரும்பிப் போகிற குழாய்க்குக் கை எட்டாது, அங்கே வருஷக்கணக்காய் எண்ணெய்ப் பிசுக்கு குடியிருந்திருக்கிறது. மத்தியான நேரம், கடை நிறைய ஆள். வாணலியில் மீன் பொரிந்துகொண்டிருந்தது, ஒரு நிமிஷம் நெருப்பு எம்பியது, அது எப்போதும் எம்புவதுதான், ஆனால் அன்றைக்கு மேலே போனது திரும்பி வரவில்லை. குழாய் உறும ஆரம்பித்துவிட்டது. உன் அப்பா எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கத்திக்கொண்டே கேஸ் வால்வை மூடப் போனார். வால்வு கொதித்துப் போயிருந்தது. மூடினார், அவர் மூடாமல் விட்டிருந்தால் தெருவே போயிருக்கும் என்று தீயணைப்புக்காரர் சொன்னார். அதை அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நீயும் முதல் தடவை கேட்பது போலக் கேட்டுக்கொள். பாத்திரம் கழுவுகிற அக்கா ஓடி வரும்போது வழுக்கி, சுடுதண்ணீர் அண்டா சாய்ந்து அவள் பாதம் வெந்துவிட்டது. வாடிக்கையாளர்களில் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை, தினமும் அதே இடத்தில் உட்காருகிற நம் மூணாவது மேசைக்காரர் மட்டும் வாசற்படியில் தடுக்கி விழுந்து மூக்குக்கண்ணாடியை உடைத்துக்கொண்டார். அவர் விழுந்ததுகூடப் பெரிதில்லை, சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததுதான் அவருக்கு வருத்தம்.

இனி உன் மாமா கதை. என் தம்பி இன்சூரன்ஸ் விற்க ஆரம்பித்ததிலிருந்து சொந்தக்காரர்கள் அவனைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிகிறார்கள் என்பது உனக்குத் தெரியாததா, நீயே சின்ன வயதில் அம்மா வீட்ல இல்லன்னு சொல்லச் சொன்னாங்க என்று அவனிடம் போய்ச் சொன்னவள்தானே. நம் கடைக்குப் பாலிசி போட்டதும் அவன் பேச்சை நிறுத்த வேண்டும் என்பதற்காகத்தான். வருஷா வருஷம் வருவான், டீயை ஆற்றிக் குடிப்பான், அக்கா இது எதுக்குன்னா என்று ஆரம்பிப்பான், நான் எங்கே கையெழுத்துப் போடணும் அதைக் காட்டு என்பேன். தம்பிக்கு ஒரு ஒத்தாசை என்று நினைத்துத்தான் கட்டி வந்தோமே தவிர, அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தீ அணைந்த அன்று சாயங்காலமே ஓடி வந்தான், அழுதான், அத்தான் கையைப் பார்த்து இன்னும் அழுதான், அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அக்கா, கம்பெனிலேர்ந்து சர்வேயர் ஒருத்தங்க வருவாங்க, என்ன நட்டம்னு நேர்ல பாத்து எழுதிட்டுப் போவாங்க, நாளன்னிக்கு வரச் சொல்லியிருக்கேன் என்றான். அவ்வளவுதான் சொன்னான். எதையும் தொடாதே என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை, அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்.

நீயே சொல் சிட்டு, இத்தனை வருஷம் கடை நடத்துகிறோம், சமையலறையைப் பார்க்க ஒரு அதிகாரி வருகிறார் என்றால் நாம் என்ன செய்வோம்? சுத்தம் செய்வோம். சுகாதாரத் துறையிலிருந்து ஆள் வருகிறார் என்றால் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் போலத் தேய்த்து வைத்துத்தானே பழக்கம். அதே பழக்கத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். பாத்திரக்கார அக்கா கட்டுப்போட்ட காலோடு நாற்காலியில் உட்கார்ந்து அந்த மூலை விட்டுப்போச்சு என்று காட்ட, மற்றவர்கள் தேய்க்க, கரி, சாம்பல், உருகிய பிளாஸ்டிக் எல்லாம் போய்விட்டது. மின்சாரம் இல்லாமல் கெட்டுப்போன மீனையும் இறைச்சியையும் மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினேன். கருகின புகைக்கூண்டு, வளைந்த அடுப்பு, பிரிட்ஜ் கதவு எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார், இடத்தை அடைக்கிறதே என்று சும்மாவே கொடுத்துவிட்டேன். அத்தோடு விட்டேனா? சுவர் மட்டும் கருப்பாக நிற்கிறதே, வருகிறவர் என்ன நினைப்பார் என்று பெயின்டரைக் கூப்பிட்டு இரண்டு பூச்சு வெள்ளை அடிக்கச் சொன்னேன். உன் அப்பா வலி மாத்திரை மயக்கத்தில் வீட்டில் படுத்திருந்தார், இல்லாவிட்டால் தடுத்திருப்பார் என்று இப்போது சொல்கிறார். தடுத்திருக்க மாட்டார், அந்த மூலை விட்டுப்போச்சு என்றுதான் அவரும் காட்டியிருப்பார்.

சர்வேயர் வந்தார். உன்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள், காலில் முழங்கால் வரை பூட்ஸ், தலையில் தொப்பி, கையில் டார்ச். தீப்பிடித்த இடத்துக்கு வரப்போகிறோம் என்று தயாராக வந்த பெண். கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள், திரும்பி வெளியே போய்க் கடையின் பெயர்ப்பலகையைப் படித்தாள், மறுபடி உள்ளே வந்தாள். தீ எங்கம்மா புடிச்சுது என்று கேட்டாள். இங்கதான் என்று பெருமையாகக் காட்டினேன். அவள் சுவரைத் தொட்டாள், விரலில் வெள்ளை ஒட்டிக்கொண்டது. மாமா முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள், அம்மா, நான் பாக்காத தீ இல்ல, ஆனா இவ்வளவு சுத்தமான தீயை இப்பதான் பாக்கறேன், நட்டத்தைக் கண்ணால பாக்காம நான் எதை எழுதறது என்றாள். கடை திரும்ப எழுவது அந்தப் பெண் எழுதப்போகிறதில் இருக்கிறது, எழுதுவதற்கு ஒன்றும் வைக்காமல் நானே துடைத்து வைத்திருக்கிறேன். என்ன செய்வதென்று தெரியாமல் முதல்ல சாப்பிடுங்கம்மா என்றேன். வேலை நேரத்துல வாங்கிச் சாப்பிடக்கூடாதும்மா என்றாள் பாவம்.

பிறகு நாங்கள் பழைய இரும்புக்காரரைத் தேடிக்கொண்டு ஓடியது தனிக் கூத்து. மாமா வண்டி ஓட்ட, நான் பின்னால், அந்தப் பெண் அவளுடைய வண்டியில் எங்கள் பின்னால். அடுப்பும் பிரிட்ஜ் கதவும் குவியலில் கிடைத்துவிட்டன. புகைக்கூண்டைத்தான் காணோம். கேட்டால் இரும்புக்காரர் அசடு வழிகிறார். கடைசியில் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், அதைக் கவிழ்த்து வைத்து அவர் நாய்க்கு வீடாக்கியிருக்கிறார். நாய் அதற்குள் வசதியாகப் படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் குரைக்கிறது, இவ்வளவு நல்ல வீட்டை அதன் பரம்பரையில் யாரும் கண்டிருக்காது. அந்தப் பெண் தரையில் மண்டியிட்டு, டார்ச்சை அடித்து, உள்ளே ஒட்டியிருந்த கரியைப் படம் எடுத்தாள், ஒவ்வொரு படத்திலும் நாயின் மூக்கு இருக்கிறது. திரும்பக் கடைக்கு வந்து சுவரில் ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டிப் பார்த்தாள், வெள்ளைக்கு அடியில் கன்னங்கரேல். கருப்பைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். புகைக்கூண்டைச் சுத்தம் செய்ததற்கு ரசீது இருக்கா என்று அடுத்த கேள்வி. வீட்டு ஆள் செய்கிற வேலைக்கு ரசீதுக்கு எங்கே போவது? பழக்கதோஷத்தில் சாப்பாடு கிடைக்குமா என்று எட்டிப் பார்க்க வந்த மூணாவது மேசைக்காரர் காதில் அது விழுந்திருக்கிறது, நான் சாட்சி, அவர் கூண்டுக்குள்ள இருக்கற அன்னிக்கெல்லாம் எனக்கு டீ லேட்டு என்றார். அதையும் அந்தப் பெண் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

அப்புறம் அவளும் மாமாவும் உட்கார்ந்து எனக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார்கள், அதை உனக்குச் சொல்லத்தான் இத்தனையும். தீ இன்சூரன்ஸ் என்றால் சுவரும் அடுப்பும் சாமானும் மட்டும்தான். மூணாவது மேசைக்காரர் கண்ணாடிக்கு அதில் வழி இல்லை, அது வெளி ஆளுக்கு நம் இடத்தில் ஏதாவது ஆனால் கொடுப்பதற்குத் தனியாகப் போட்டதிலிருந்து வந்தது. பாத்திரக்கார அக்கா காலுக்கு வைத்தியமும், அவள் வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளமும் தொழிலாளிகளுக்கென்று போட்டதில் வந்தது. கடை மூடிக் கிடந்த நாட்களுக்கு வழக்கமான வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பதற்கும் ஒன்று இருக்கிறதாம், செலவைக் குறை என்று நாங்கள் சொன்னபோதும் தம்பி அதைத் தூக்காமல் பிடிவாதமாக வைத்திருந்திருக்கிறான். கடை மூடியதும் நம் வாடிக்கையாளர்கள் பட்டினி கிடப்பார்களே என்று அடுப்பு வாடகைக்கு எடுத்து வீட்டுப் பின்கட்டில் சமைத்துக் கொடுத்தேன். அதைச் சொன்னால், கடை மூடிவிட்டது என்று சொல்லிவிட்டு விற்கிறீர்களா என்று அந்தச் சர்வேயர் பெண் கோபித்துக்கொள்வாள் என்று மறைக்கப் பார்த்தேன், அவளோ நல்ல வேலை செஞ்சீங்க, வருமானம் ஒரேயடியா நிக்காம பாத்துக்கிட்டீங்க, அந்த அடுப்பு வாடகையும் இதுல சேரும் என்கிறாள். இனி வராமல் போனதையும் கேள். மாடியில் புதிதாக மேசை போட்டோமே, அதை நாங்கள் கம்பெனிக்குச் சொல்லவே இல்லை, அதனால் மேலே புகையில் பாழான திரைச்சீலை, நாற்காலி எதுவும் கணக்கில் இல்லை. சாமான்களின் மதிப்பு வாங்கின காலத்து விலையிலேயே நின்றிருந்தது. அதனால் எல்லாவற்றிலும் வெட்டு. எனக்கு முதலில் புரியவில்லை, சோற்றுக் கணக்காகப் போட்டுப் பார்த்ததும் புரிந்தது. பத்துப் பேர் சாப்பிடுகிற இடத்தில் அஞ்சு பேர் என்று சொல்லி உலை வைத்தால் அஞ்சு பேர் வயிறு நிறைந்து மீதி அஞ்சு பேர் பட்டினி என்று இல்லை, பத்துப் பேருக்கும் அரை வயிறு. அதே மாதிரி பாதி மதிப்புக்குப் பாலிசி போட்டால் ஒரே ஒரு மேசை எரிந்தாலும் பாதி மேசைக்குத்தான் பணம். உன் அடுப்பை இன்றைக்குக் கடையில் போய் வாங்கினால் என்ன விலையோ அதைப் போடு. குழாய்க்குள் சுத்தம் செய்ய வெளி ஆளைக் கூப்பிட்டு ரசீது வாங்கு, நானே தேய்ச்சுக்குவேன் என்று உன் அப்பா மகளாக நிற்காதே. ஒன்றைச் சேர்த்தாலும் மாற்றினாலும் சொல்லிவிடு. கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகாது, ஆனால் ஏதாவது ஆனால் துடைப்பத்தைத் தொடாதே.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டு எழுதினேன், இது ஒன்றை மட்டும் அப்படி எழுத வரவில்லை. அடிபட்ட ஆளுங்க யார் யார் என்று அந்தப் பெண் கேட்டபோது உன் அப்பா எழுந்து வந்து அங்கே நின்றிருந்தார். பாத்திரக்கார அக்காவைக் காட்டினார், தன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். சார் உங்க கை என்று அவள் கேட்க, மாமா தரையைப் பார்த்துக்கொண்டே, அத்தான் முதலாளி, தொழிலாளி கணக்குல வரமாட்டாரு என்றான். விடிகாலையிலிருந்து அடுப்படியில் நிற்கிற மனுஷன், அந்தக் கடையில் அவரைவிடத் தொழிலாளி யார் சிட்டு? வால்வை மூடின கைக்கு ஒரு காசு கிடையாது. முதலாளிக்கென்று தனியாக விபத்துப் பாலிசி இருக்கிறது, வருஷா வருஷம் தம்பி கேட்டிருக்கிறான், எனக்கென்னப்பா ஆகப்போவுது, ஆளுங்களுக்குப் போடு என்று அனுப்பிவிட்டாராம். அது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். தீப்பிடித்த அன்று நான் அழவில்லை, வெள்ளையடித்தது வெளியான அன்றும் அழவில்லை, அப்போது பின்கட்டுக்குப் போய் நன்றாக அழுதேன். அவர் பின்னாலேயே வந்து, முதலாளியா இருக்கறதுல இவ்வளவு நட்டம்னு தெரிஞ்சிருந்தா நானும் ஒரு நல்ல முதலாளிகிட்ட வேலைக்குச் சேந்திருப்பேன் என்கிறார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு முழுசாக அழக்கூட முடிவதில்லை.

விரல் மடங்கும், ஆனால் நாளாகும் என்கிறார் டாக்டர். மெத்தென்ற பந்து ஒன்றை அழுத்தி அழுத்திப் பழகச் சொன்னார், இவர் பந்தை எங்கோ போட்டுவிட்டு ரொட்டி மாவு உருண்டையைத் துணியில் சுற்றிப் பிசைகிறார். கம்பெனியிலிருந்து பணம் வந்துவிட்டது, வெட்டுப் போக வந்ததில் சமையலறை எழுந்துவிட்டது, புதுப் புகைக்கூண்டு மாட்டியாயிற்று, மாடி மட்டும் அப்படியே கிடக்கிறது, அது மெதுவாக ஆகட்டும். வரும் திங்கட்கிழமை கடை திறக்கிறோம். அடுப்பில் நான் நிற்கிறேன், அப்பா பக்கத்தில் நின்று உப்பு உப்பு என்று உயிரை வாங்குவார். மூணாவது மேசைக்காரர் புதுக் கண்ணாடியோடு வந்து இப்போதே மேசையைத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். புகைக்கூண்டைக் கம்பெனிக்குச் சாட்சியாகத் திருப்பிக் கொடுத்துவிட்ட நாய்க்கு மாமா புது மரவீடு வாங்கிக் கொடுத்திருக்கிறான், அதற்கும் பாலிசி போடச் சொல்லி இரும்புக்காரரை நச்சரிப்பான் பார்.

உன் கடைத் திறப்புக்கு எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு நிறைய உண்டு. நல்ல கூட்டம் வரட்டும், நல்ல பெயர் வரட்டும், உன் கையால் சாப்பிட்டவர்கள் உன்னை மறக்காமல் திரும்பி வரட்டும். அந்த இன்சூரன்ஸ்காரரைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ கொடுத்து, அவர் பேசி முடிக்கிற வரைக்கும் கேள். உன்னிடம் வேலைக்கு இருக்கும் பிள்ளைகளுக்குப் போடு, வருகிறவர்களுக்குப் போடு, கடை மூடுகிற நாளுக்குப் போடு. எல்லாவற்றுக்கும் முன்னால் உன் பெயருக்குப் போடு. அங்கே நீதான் முதலாளி, அடுப்பில் நிற்பதும் நீதான். போட்டுவிட்டு அதன் நகலை எனக்கு அனுப்பு, வாயால் போட்டுட்டேம்மா என்று சொன்னால் நம்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா.

இதற்குள் அப்பா நடந்துவிட்டு வந்துவிட்டார். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன், நாய் வீட்டை இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம் என்றார். கையெழுத்தை இடது கையால் போடுங்கள் என்றேன், கேட்கவில்லை. வலது கையில்தான் பேனாவைப் பிடித்தார். பேனா நழுவி விழுந்தது, எடுத்துக் கொடுத்தேன், மறுபடியும் விழுந்தது, மறுபடியும் எடுத்துக் கொடுத்தேன். கீழே கோணலாக ஒரு கோடு போலத் தெரிகிறதே, அது கறை இல்லை, உன் அப்பா பெயரின் முதல் எழுத்து. மீதி எழுத்துகளை உன் பாலிசி நகலைக் கண்ணால் பார்த்த பிறகுதான் போடுவாராம்.